வணிகர் வீட்டில் ஒரு முல்லைத்தீவுப் பெட்டகம்

எங்கள் அலுவலகம் இந்த வருடம் ஒரு மலர் வெளியிடுகிறது. நான் இருந்த இடத்தில் இப்போது களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கும் பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, "சேர், உங்கட சேவைக்கால அனுபவம் ஒண்டு எழுதித் தாங்கோ. நல்லதா ஒண்டு. ரெண்டு பக்கம் காணும்" என்றார். ஓம் என்றேன். எழுத உட்கார்ந்தபோது நல்லதாக எதுவும் வரவில்லை. வந்தது இரண்டு பக்கத்தில் நிற்கவும் இல்லை. இதை அவர்கள் போடமாட்டார்கள் என்று தெரியும். அலுவலகத்தின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே நல்ல பிள்ளைகள் இன்னும் வேலை செய்கிறார்கள்.

ஓய்வுபெற்ற இரண்டாம் வருடம், என் ஓய்வூதியக் கோவையில் பிறந்த திகதி பிழையாக இருக்கிறது என்று கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். உரிய அதிகாரி மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகுதான் வருவார் என்றார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. எதிர்ப்பக்கத்தில் தடித்த தூண்களும் ஓட்டுக்கூரையுமாக ஒரு பழைய மாடிவீடு. முன்னொரு காலத்தில் பெரிய வணிகர் ஒருவர் வாழ்ந்த வீடு, இப்போது நூதனசாலை என்று வாசலில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. சீட்டு எடுத்து உள்ளே போனேன். பழம்பொருள் பார்க்கும் ஆசையில் அல்ல. இருக்க ஒரு வாங்கு கிடைக்கும் என்ற நினைப்பில்.

கீழே தராசுகள், கறுவாப்பட்டைக் கட்டுகள், பீங்கான் கோப்பைகள். மரப்படி ஏறினால் வணிகரின் படுக்கையறை. நுளம்புவலை கட்டிய பெரிய கட்டில். அதன் காலடியில், சிவப்புக் கயிற்று வேலிக்குள், ஒரு பெட்டகம்.

நான் முப்பது வருடம் பொருட்களைப் பார்த்து எழுதியவன். ஒரு பொருளைக் கண்டால் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைத்தான் கண் தேடும். சுற்றிப் போய்ப் பார்த்தேன். மூடியைத் தாங்கும் மூன்று பிணைச்சல்களில் இரண்டு பித்தளை, இடதுபக்கத்தது இரும்பு. கயிற்றைத் தாண்டி நிலத்தில் படுத்து அடிப்பலகையைப் பார்த்தேன். கறுப்புப் பெயின்றில் ஓர் இலக்கம். என் கையெழுத்து. ஒன்பதின் வாலை நான் எப்போதும் தேவைக்கு மேல் இழுப்பேன்.

"ஐயா! ஐயா! என்ன இது?" என்று காவலாளி ஓடி வந்தார். சிங்களவர், எனக்கு மகன் வயது. நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்தார். கைத்தாங்கலாக எழுப்பி, கதிரையில் இருத்தி, தண்ணீர் தந்தார். "சீனி வருத்தம் இருக்கா?" என்று கொச்சைத் தமிழில் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டுப் பெட்டகத்தின் முன் வைத்திருந்த அட்டையைப் பார்த்தேன். 'வணிகரின் மனைவியின் சீதனப் பெட்டகம். ஒல்லாந்தர் காலம்.'

அது எந்த வணிகருடைய மனைவியின் சீதனமும் அல்ல. முல்லைத்தீவுக் கரையில் மீன் காயவைத்து விற்கும் பிலோமினா என்ற பெண்ணின் வீட்டுப் பெட்டகம். அது எப்படிக் கொழும்புக்கு வந்தது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவன். ஓர் இனக்கலவரத்துக்குப் பிறகு அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து, பரந்தனுக்குக் கிழக்கே காடு வெட்டிக் குடியேறினார். படித்து முடித்து அலுவலகக் களஞ்சியத்தில் மூட்டை தூக்கப் போனேன். எழுத்து நன்றாக இருக்கிறது என்று எழுத வைத்தார்கள். இருபது வருடம் அமைய ஊழியன். நாளைக்கு வரவேண்டாம் என்று எந்த நாளும் சொல்லிவிடக்கூடிய ஊழியன் என்று அதற்கு அர்த்தம்.

என் மேலதிகாரி நல்லதம்பி சேர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனை. குரலை உயர்த்தி ஒருநாளும் பேசமாட்டார். யார் வந்தாலும் எழுந்து நின்று கதிரையைக் காட்டி, "இருங்கோ" என்பார். வந்தவர் சொல்வதை முழுவதும் கேட்பார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைலேஞ்சியால் துடைப்பார். கண்ணாடியைத் துடைத்தால் பதில் 'இல்லை' என்பது எங்களுக்குத் தெரியும். என் எழுத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள், "தோட்டத்துப் பெடியன் எண்டாலும் எழுத்து முத்து மாதிரி" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நானும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவர் கெட்டிக்காரர். ஒருமுறை ஒரே தண்ணீர்ப் பம்புக்கு இரண்டு பேர் உரிமை கேட்டு வந்தார்கள். இருவரும் அழுதார்கள், இருவரும் சத்தியம் செய்தார்கள். சேர் பம்பை முற்றத்துக்கு இழுக்கச் சொல்லி, "ஸ்ரார்ட் பண்ணுங்கோ" என்றார். முதல் ஆள் கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துவிட்டார். இரண்டாவது ஆள் பம்பின் பக்கவாட்டில் காலால் ஓர் உதை விட்டு, பிறகு கயிற்றை இழுத்தார். ஒரே இழுவையில் ஸ்ரார்ட் ஆனது. எல்லோரும் சிரித்தோம். சேரும் சிரித்தார். ஆனாலும் கிராம சேவகரின் கடிதம் வரும்வரை பம்பைக் கொடுக்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்கு வந்த புதிதில், அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணுக்குக் கடிதம் கேட்காமல் தையல் இயந்திரம் ஒன்றைக் கொடுத்துவிட்டார். ஒரு மாதத்தில் உண்மையான சொந்தக்காரி பற்றுச்சீட்டோடு வந்து நின்றாள். சேரை இரண்டு வருடம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த இரண்டு வருடமும் மனைவியின் தமையன் வீட்டில் சாப்பிட்டதாக ஒருமுறை சொன்னார். இரண்டாம்முறை சொல்லவில்லை.

போர் முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பத் தொடங்கியபோது எங்கள் களஞ்சியம் நிரம்பியது. கைவிடப்பட்ட ஊர்களிலும் வீதியோரங்களிலும் கிடந்த பொருட்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் வந்து இறங்கின. சைக்கிள், தையல் இயந்திரம், அலுமாரி, ஆட்டுக்கல், கோயில் மணி. ஒவ்வொன்றையும் இறக்கி, தூசி தட்டி, அளவுநாடாவால் நீளம், அகலம், உயரம் அளந்து, இலக்கம் எழுதிப் படிவம் நிரப்ப வேண்டும். பொருள், செய்யப்பட்ட மூலம், அளவு, சேதம். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதை வெறுமையாக விடச் சொன்னார் சேர். "கண்ணால காணுறதை மட்டும் எழுது. ஆக்கள் சொல்லுற கதையை எழுதினா, அந்தக் கதைக்கு நாங்கள் பொறுப்பு."

உரிமை கேட்டு வருபவர்கள் கிராம சேவகரின் கடிதம், உறவல்லாத இரண்டு சாட்சிகள், படமோ பற்றுச்சீட்டோ கொண்டு வர வேண்டும். எல்லாக் கடதாசியையும் வழியில் விட்டுவிட்டு வந்த சனத்திடம் நாங்கள் கடதாசி கேட்டோம்.

பிலோமினா அப்படித்தான் வந்தார். ஒல்லியான உருவம், ஏறக்குறைய என் வயது. சேர் எழுந்து கதிரையைக் காட்டினார். அவர் நுனியில் இருந்தார்.

"முதிரைப் பெட்டகம் ஐயா. என்ர மனிசன்ர அப்புவின்ர அப்பு காலத்துச் சாமான். ஒரு பிணைச்சல் உடைஞ்சு இரும்பு போட்டனாங்கள். மூடியைத் திறந்தா உள்ளுக்கு என்ர மூண்டு பிள்ளையளின்ர பேரும் இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஞானஸ்நானம் குடுத்த அண்டைக்கு அவர் கத்தியால வெட்டினவர்."

"படம் ஏதும் இருக்கோ?" என்று சேர் கேட்டார்.

"ஒண்டும் இல்லை. அவரும் இல்லை. கடைசி மகன் எங்க எண்டு தெரியாது. அவையின்ர முகம் இருக்கிற ஒரு கடதாசியும் எங்களிட்ட இல்லை." பிறகு, "அவருக்குப் பள்ளிக்கூடம் இல்லை ஐயா. எழுத்தைப் பார்த்து வெட்டினவர். புள்ளி வைக்கத் தெரியாது. மூண்டு பேரிலயும் ஒரு புள்ளியும் இராது" என்றார்.

நான் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பெட்டகத்தின் மேல் இருந்த சாமான்களை இறக்கி மூடியைத் தூக்கினேன். வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தபோது எழுத்துக்கள் எழும்பி வந்தன. ஜெசிநதா. அனரன. மரியதாஸ. ஒரு புள்ளியும் இல்லை. மரத்தில் ஆழமாக, பொறுமையாக வெட்டிய எழுத்து.

ஓடி வந்து சேரின் காதில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, நீங்கள் பொய் சொல்லேல்லை. அது எனக்குத் தெரியுது. ஆனா எழுத்துப்பிழையை அத்தாட்சியா வைச்சு நான் சாமான் குடுக்கேலாது. கடிதமும் சாட்சியும் கொண்டு வாங்கோ."

இரண்டாவது தடவை கடிதத்தோடும் சாட்சிகளோடும் வந்தார். சாட்சிகள் இருவரும் அவருடைய மச்சான்மார். ஊரில் மிச்சம் இருந்ததே உறவுதான். உறவல்லாத சாட்சி வேண்டும் என்று திருப்பி அனுப்பினோம். குறையான விண்ணப்பங்களைப் பதிவேட்டில் ஏற்றும் வழக்கம் இல்லை. அவருடைய விண்ணப்பம் மேசை இலாச்சிக்குள் போனது.

அதற்கிடையில் கொழும்பிலிருந்து சிலர் வாகனத்தில் வந்தார்கள். உரிமை கோரப்படாத பழம்பொருட்களைத் தெரிந்தெடுத்துக் கொண்டுபோவது அவர்களுடைய வேலை. அவர்களில் ஒருவர் பெட்டகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அருமையான சாமான். யாரும் கேட்டு வந்தார்களா?" என்றார். சேர் பதிவேட்டைத் திறந்து விரலால் வரியைத் தொட்டுக் காட்டினார். உரிமை கோரல்: இல்லை.

நான் அளவுநாடாவைக் கையில் பிடித்தபடி இரண்டடி தள்ளி நின்றேன். இலாச்சி எனக்குப் பக்கத்தில் இருந்தது. இழுத்தால் விண்ணப்பம் வெளியே வரும். அடுத்த மாதம் என்னுடைய நிரந்தர நியமனத்துக்கு சேர் சிபார்சு எழுத வேண்டும். நான் இலாச்சியை இழுக்கவில்லை. அது மட்டும் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். மூன்று தலைமுறைப் பெட்டகம் என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்குள் ஒரு கசப்பு இருந்தது. நாங்கள் தோட்டத்திலிருந்து வந்தபோது அம்மா இரண்டு பானையும் ஒரு போர்வையும்தான் கொண்டு வந்தார். பெட்டி இல்லாமலும் சனம் வாழலாம் என்று அன்று நினைத்தேன்.

பெட்டகத்தை வாகனத்தில் ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன்.

நாலு நாள் கழித்துப் பிலோமினா பளையிலிருந்து வந்த ஒரு பாடசாலை அதிபரையும், மீன் வாங்க வரும் முஸ்லிம் வியாபாரி ஒருவரையும் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. சேர் கதிரையைக் காட்டினார். அன்று பிலோமினா கதிரையில் இருக்கவில்லை.

"பெட்டகம் மேலிடத்துக்குப் போட்டுது அம்மா. அங்க எழுதிக் கேளுங்கோ" என்றது நான். சேர் சன்னல்பக்கம் திரும்பி நின்றார்.

பிலோமினா எழுதினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பதில் வரவில்லை. எனக்கு நியமனம் வந்தது. சேர் ஓய்வுபெற்று, சில வருடத்தில் இறந்தும் போனார். அவருடைய கதிரை எனக்கு வந்தது. குறிப்புக் கட்டத்தை நானும் வெறுமையாகத்தான் விட்டேன்.

இவ்வளவும்தான் அந்த வணிகர் வீட்டுக் கதிரையில் இருந்து தண்ணீர் குடிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது. காவலாளியிடம் மூடியைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். பூட்டின் திறப்பு அதிகாரியிடம், அதிகாரி விடுமுறையில் என்றார். ஊருக்கு வந்து கடிதம் எழுதினேன். நான் யார், அந்த இலக்கத்தை எழுதியது யார், பெட்டகம் யாருடையது என்று மூன்று பக்கம். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. உரிமை கோருபவரை நேரில் அழைத்து வரலாம்.

முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினேன். ஒட்டுசுட்டான் தாண்டியதும் வீதியில் யானை நிற்கிறது என்று பஸ்ஸை நிறுத்தினார்கள். அரைமணி நேரம். இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். யானை போய்விட்டது.

பிலோமினா கரையில் வலை விரித்து, அதில் சூடைமீன் காயவைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"களஞ்சியத்து ஆள்தானே. தலை நரைச்சுப் போச்சு."

"பெட்டகத்தைக் கண்டனான் அம்மா. கொழும்பில ஒரு நூதனசாலையில இருக்கு."

அவர் மீனைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "மூடியைத் திறந்து பார்த்தனீங்களோ?"

"திறக்க விடேல்லை."

"அவர் வெட்டின எழுத்து இருக்கும்" என்றார். பிறகு எழுந்து, கடல் தண்ணீரில் கையைக் கழுவினார். "எப்ப போறது?"

கொழும்பில் ஒரு கன்னியர் மடத்தில் அவர் தங்கினார். காலையில் கூட்டிப்போகப் போனபோது வெள்ளைச் சேலை உடுத்து, பூசைக்குப் போவதுபோல் நின்றார். வணிகர் வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

அதிகாரி இளம்பெண். தமிழ் நன்றாகப் பேசினார். மரியாதையாகவும் நடந்தார். வெள்ளைக் கையுறை போட்டு, கயிற்றைக் கழற்றி, பூட்டைத் திறந்து, மூடியை மெதுவாகத் தூக்கினார்.

உட்புறம் கண்ணாடிபோல் மினுங்கியது. நெய்யில் தோய்த்தெடுத்ததுபோல வழவழவென்று முதிரையின் மஞ்சள் ரேகைகள். வேறொன்றும் இல்லை.

பிலோமினா என்னைப் பார்த்தார். "இது இல்லை" என்றார்.

"இதுதான் அம்மா."

அவர் குனிந்து, மூடியின் உட்பக்கத்தை உள்ளங்கையால் தடவினார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை. திரும்பவும் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது, பிறகு அதையும் விட்டது. அதிகாரி அவரைத் தடுக்கவில்லை.

"பெயர்கள் இருந்ததாக உங்கள் கடிதத்தில் பார்த்தேன்" என்று அதிகாரி என்னிடம் சொன்னார். "அதனால் பழைய கோவையை எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே கொண்டு வந்தவுடன் பேணல் வேலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். எழுத்து என்று யாரும் எங்களுக்கு அறிவிக்கவில்லை. வந்த படிவத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்."

கோவையின் முதல் தாள் எங்கள் அலுவலகப் படிவம். என் முத்து மாதிரியான எழுத்து. அதிகாரி விரல் வைத்த இடத்தில் இப்படி இருந்தது: 'சேதம்: மூடியின் உட்புறம் கத்திக் கீறல்கள்.'

அது நான் எழுதியது. பெட்டகம் வந்து இறங்கிய அன்று, பிலோமினா வருவதற்கு முன்னால். அன்று வந்து இறங்கிய சாமான்கள் ஏராளம். இருட்டுக்குள் மூடியைத் தூக்கி, கோடு கோடாக ஏதோ தெரிந்ததைப் பார்த்து, வாசிக்காமல் எழுதிவிட்டேன். பெயர்களை வாசித்த பிறகு திருத்தத்தான் போனேன். "பதிஞ்சதைத் திருத்தினா எல்லாப் பதிவிலயும் சந்தேகம் வரும். விடு" என்றார் நல்லதம்பி சேர். விட்டேன். அடுத்த தாளில், வேறு யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: பிற்காலத்தில் ஏற்பட்ட கீறல்கள் சீவி அகற்றப்பட்டு, மெருகிடப்பட்டது.

"கீறல் எண்டு ஆர் எழுதினது?" என்று பிலோமினா கேட்டார்.

"நான்."

அவர் திரும்பி மூடியைப் பார்த்தார்.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, நீங்கள் விண்ணப்பம் போடுங்கள். திருப்பித் தர வழி இருக்கிறது. நானே கூட நின்று செய்கிறேன்" என்றார்.

"வேண்டாம் பிள்ளை" என்றார் பிலோமினா. "எங்கட பெட்டகத்தில பேர் இருந்தது. இது உங்கட பெட்டகம். நல்ல வடிவாச் செய்திருக்கிறீங்கள்." மூடியைத் தானே மூடினார். சத்தம் வராமல், நித்திரை கொள்ளும் வீட்டில் கதவு சாத்துவதுபோல மூடினார்.

மறுநாள் காலை இருவரும் முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினோம். அவர் சன்னல் ஓரம், நான் பக்கத்தில். வவுனியா தாண்டியது. நான் மாங்குளத்தில் இறங்கி வேறு பஸ் எடுக்க வேண்டும். அதற்கு முன் கேட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் வசனம் கட்டிக்கொண்டு வந்தேன். புளியங்குளத்தில், "அம்மா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவர் வெளியே பார்த்தபடியே கேட்டார். "உங்களுக்குப் பிள்ளையள் எத்தினை?"

"ரெண்டு பேர்."

"அவையின்ர பேரை எங்கயாவது எழுதி வைச்சிருக்கிறீங்களோ?"

என்ன கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கு."

"ஓம்" என்றார். "உங்களுக்கு அது போதும்."

மாங்குளத்தில் இறங்கினேன். பஸ் ஒட்டுசுட்டான் வீதியில் திரும்பியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டகத்தின் முன்னால் இருக்கும் அட்டையையாவது மாற்றுங்கள், முல்லைத்தீவு என்ற ஒரு சொல்லாவது அதில் இருக்கட்டும் என்று இன்னொரு கடிதம் எழுதினேன். அந்த இளம் அதிகாரி இடமாற்றமாகிப் போய்விட்டார். போன மாதம் வேறொருவரின் கையொப்பத்தோடு பதில் வந்தது. ஒரே வசனம். 'உரிமை கோரியவர் பொருளை ஏற்க மறுத்துள்ளபடியால் இக்கோவை மூடப்படுகிறது.'

இரண்டு மூன்று தடவை வாசித்தேன். அதில் பிழை ஒன்றும் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.